அக்காவின் முகூர்த்தப் பட்டு, 31 வருடம் கழித்து

போன தையில் அக்கா மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "சித்தி, அம்மாவோட முகூர்த்தப் பட்டை நான் கட்டிக்க முடியுமா? கிழிஞ்சிடுமா?" என்றாள். வைகாசியில் கல்யாணம். கையில் நாலு மாதம் இருந்தது.

நான் திருச்சியில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன், ஆரி வேலையும் (கொக்கி ஊசியால் போடும் பூவேலை) செய்து கொடுக்கிறேன். கல்யாணப் பெண்கள் என்ன கேட்கிறார்கள் என்பது போனில் அவர்கள் அனுப்பும் படங்களிலேயே தெரிந்துவிடும். 2022 ஜூனில் மாமல்லபுரத்தில் நயன்தாராவின் கல்யாணம் நடந்தது. ஹொய்சாளக் கோயில் சிற்ப வேலைப்பாடு கொண்ட சிவப்புப் புடவை கட்டியிருந்தார். அப்புறம் பல மாதங்களுக்கு எனக்கு வந்த படங்களில் அதுவே அதிகம். அடுத்து வெளிர் ரோஜா, சந்தனம், பிஸ்தா என்று மெல்லிய நிறங்கள் வந்தன. டிஷ்யூ பட்டு வந்தது. ஜாக்கெட் கையில் கல்யாணத் தேதி, முதுகில் மணமக்கள் உருவம் என்று ஆரி வேலை பெருகியது. இப்போது ஓரிரண்டு வருடமாக "அம்மா புடவை" கேட்டு வருகிறார்கள். ஆலியா பட் 2022 ஏப்ரலில் தன் கல்யாணத்துக்குக் கட்டிய அதே புடவையை 2023 அக்டோபரில் தேசிய விருது வாங்கப் போனபோதும் கட்டியிருந்தார். அதைச் சொல்லிக் காட்டியே வீட்டில் சம்மதம் வாங்கிய பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள்.

இந்தப் போக்கு எனக்கு மனசாரப் பிடித்திருக்கிறது. எங்கள் பாட்டியின் பட்டுகள் எல்லாம் "பழைய பட்டுப் புடவை வாங்குறோம்" என்று தெருவில் கூவி வந்தவர்களிடம் போய்விட்டன. அவர்களுக்கு வேண்டியது ஜரிகையில் இருக்கும் வெள்ளிதான். புடவையை எரித்து அதை எடுத்துக்கொள்வார்கள். பாட்டியின் மயில்கழுத்து நிறப் புடவை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆனால் பழைய பட்டைப் புதுப்பட்டு மாதிரி நடத்தினால் மண்டபத்திலேயே கிழியும். இந்த நாலு மாதத்தில் நான் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் எழுதி வைக்கிறேன்.

கூறைப் புடவை மாப்பிள்ளை வீட்டில் எடுப்பதுதான் எங்கள் வழக்கம். அதை மாற்றச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அதனால் காலையில் மணமேடைக்கு வந்து அமர்வது அம்மாவின் பட்டில். கூறையை ஆசீர்வாதம் செய்து கொடுத்ததும் உள்ளே போய் மாற்றிக்கொண்டு தாலிக்கு வருவது என்று இரண்டு வீட்டாரும் பேசி முடிவு செய்தோம். ஆகப் புடவை தாங்க வேண்டியது ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அதில் மாலை, ஹோமப் புகை, சம்மணம் போட்டு உட்காருவது எல்லாம் உண்டு.

புடவை 1994 ஆவணியில் காஞ்சிபுரத்தில் எடுத்தது. அரக்கு உடல், பச்சை பார்டர், உடலெங்கும் சின்ன மாங்காய் புட்டா, முந்தியில் கனத்த ஜரிகை. பார்டர் கோர்வை. அதாவது உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலை ஓட்டும் கருவி), இரண்டு பக்க பார்டருக்கும் தனித்தனி நாடா என்று மூன்று நாடா ஓட்டி, பார்டரையும் உடலையும் வரிக்கு வரி கோர்த்து நெய்வது. முந்தியின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவோடு (நீளவாக்கு நூல்) புதுப் பாவை இணைத்த பெட்னிக் கோடு லேசாக மேடு தட்டியிருக்கும். விரலை ஓட்டினால் தெரியும். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 870 கிராம்.

தரையில் வெள்ளை வேட்டியை விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் புடவையை முழு நீளத்துக்கும் போட்டுப் பார்த்தோம். அக்காவும் கூட உட்கார்ந்தாள். பார்க்கப் பார்க்க அவள் முகம் வாடியது. மடிப்புக் கோடுகளில் 14 இடத்தில் பட்டு முறிந்திருந்தது. தோள் பின் குத்திய இடத்தில் துருப்பிடித்த மூன்று ஓட்டை. ஒரு பக்கம் கோர்வையில் ஆறு அங்குலத்துக்கு நூல் விட்டு, பார்டர் உடலைவிட்டுப் பிரிய ஆரம்பித்திருந்தது. அந்தக் காலத்துப் பருத்தி ஃபால்ஸ் சுருங்கி, கீழ் ஓரம் முழுக்கச் சுருக்கம் விழுந்திருந்தது. முந்தியின் உள்பக்கம் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை.

மடிப்பில் ஏன் முறிகிறது என்று அக்கா கேட்டாள். "நான் ஒரு தடவைகூட முரட்டுத்தனமா கட்டலையே" என்றாள். கட்டியதால் வந்ததில்லை, கட்டாமல் வைத்ததால் வந்தது. ஒரே மடிப்பில் பல வருடம் பீரோவில், மேலே பத்துப் புடவைகளின் பாரம். மடிப்பு புடவையின் நீளவாக்கில் போனால் அதைக் கடந்து போகும் ஊடை, அதாவது குறுக்கு நூல்தான் வளைந்து வளைந்து முறியும். குறுக்கு மடிப்பென்றால் பாவு முறியும். இந்தப் புடவையில் 14-ல் 11 ஊடை முறிவு. இதைப் பார்த்துப் பிரித்தால்தான் எந்தத் திசையில் தைப்பது என்று தெரியும்.

இன்னொரு காரணமும் இருந்தது. நாலைந்து வருடத்துக்கு முன்னால் அக்கா புடவையை ஒரு கடையில் பாலிஷுக்குக் கொடுத்திருக்கிறாள். கஞ்சி ஏற்றி, உருளையில் அழுத்தி ரோல் போட்டுத் தந்திருக்கிறார்கள். பார்க்கப் பளபளவென்று விறைப்பாக வந்ததாம். அந்த விறைப்போடு மடித்து வைத்ததில், புது மடிப்புகள் அட்டை ஒடிகிற மாதிரி ஒடிந்திருந்தன. பழைய பட்டை பாலிஷுக்குக் கொடுக்கிறவர்கள் "கஞ்சி வேண்டாம், ரோல் வேண்டாம்" என்று வாயால் சொல்லிக் கொடுங்கள்.

முதலில் சாயம் போகிறதா என்று பார்த்தேன். வெள்ளைத் துணியை ஈரமாக்கி உள்முனையில் ஒரு நிமிடம் வைத்து அழுத்தினால், துணி லேசாகச் சிவந்தது. அதனால் தண்ணீர் வேலை எதுவும் கிடையாது. பெட்ரோல் வாஷ் (தண்ணீரில்லாத டிரை கிளீனிங்) மட்டும், அதுவும் முறிவுகளின்மேல் மெல்லிய துணி வைத்து ஓட்டுத்தையல் போட்டுக் கொடுத்தபிறகு. எப்போதும் கொடுக்கும் இடத்தில் நேரில் நின்று, பிரஸ் பண்ணாமல் தொங்கவிட்டுத் தரச் சொன்னேன்.

மஞ்சள் கறையை நான் தொடவில்லை. 1994-லேயே எங்கள் அம்மா அதில் சோப்பு போட்டுப் பார்த்தாராம். சோப்பின் காரம் பட்டதும் மஞ்சள் குங்குமமாகச் சிவந்துவிட்டது. பயந்து போய் அலசியதும் மறுபடி மஞ்சளானது. மஞ்சளின் குணமே அப்படித்தான். வெயிலில் போட்டால் மஞ்சள் வெளிறும், ஆனால் கூடவே அரக்கும் வெளிறும், பட்டும் வலுவிழக்கும். அது அக்காவுக்கு நலுங்கு வைத்த மஞ்சள். மடிப்புக்குள்தான் போகப்போகிறது. இருக்கட்டும் என்று அக்கா மகளே சொன்னாள்.

ஜரிகை மங்கியிருந்தது. புளி, வினிகர், பற்பொடி என்று வீட்டு வைத்தியங்கள் நிறைய சொல்கிறார்கள். எதுவும் வேண்டாம். பட்டு நூலின்மேல் வெள்ளித் தகடு, அதன்மேல் மூச்சு மாதிரி தங்கப் பூச்சு, அவ்வளவுதான் அசல் ஜரிகை. தேய்த்தால் முதலில் போவது அந்தத் தங்கம். ஓர் இழையை லேசாகச் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தது. மெல்லிய பிரஷால் தூசியைத் தட்டி, உலர்ந்த ஃபிளானல் துணியால் ஒற்றி எடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் கருத்த ஜரிகைதான் இந்தப் புடவைக்கு அழகு என்பது என் அபிப்பிராயம்.

இனி தையல். அரை அங்குலத்துக்குக் குறைவான முறிவுகளை டார்னிங் (ஊசியால் இழை பின்னி அடைப்பது) செய்தேன். நூல் வெளியே வாங்கவில்லை. புடவையின் உள்முனை, இடுப்பில் முதலில் செருகும் பகுதி, அங்கிருந்து ஓரமாக ஊடை நூல்களை உருவி எடுத்தேன். அதே சாயம், அதே பருமன், அதே வயசு. கடையில் வாங்கும் புதுப் பட்டு நூல் பலமாக இருக்கும். அதனாலேயே பக்கத்தில் இருக்கும் பழைய இழையை அறுத்துவிடும். மணி கோர்க்கும் 12-ஆம் நம்பர் ஊசியில் ஓர் இழை கோர்த்து, முறிவுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி நல்ல பட்டில் ஆரம்பித்து, ஒரு பாவு மேலே ஒரு பாவு கீழே என்று போய், அந்தப் பக்கம் திரும்பி வர வேண்டும். திரும்பும் இடத்தில் நூலை இழுத்துப் பிடிக்காமல் ஊசி மொத்தத்துக்கு ஒரு சின்ன வளையம் விட வேண்டும். அந்த வளையம்தான் பின்னால் துணி அசையும்போது கொடுத்து வாங்கும். முதல் முறிவை இறுக்கித் தைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தபோது, சுற்றிலும் நட்சத்திரம் மாதிரி சுருக்கம் விழுந்திருந்தது. பிரித்து மறுபடி தைத்தேன். ஒரு முறிவுக்கு நாற்பது நிமிடம் ஆனது.

நீளமான ஐந்து முறிவுகளுக்கு டார்னிங் போதாது. பின்னால் தாங்கு துணி வைத்தேன். நெட் வைப்பார்கள், ஆனால் நைலான் நெட் பழைய பட்டை உரசும். லைனிங்குக்கு வரும் மெல்லிய பட்டில் அரக்கு நிறம் கிடைத்தது. முறிவைவிட ஓரங்குலம் அகலமாக வெட்டி, ஓரத்தை மடக்காமல் (மடக்கினால் மேலே கோடு தெரியும்) வைத்து, முறிந்த இழைகளை ஊசி முனையால் நேராகப் படுக்க வைத்து, ஒவ்வோர் இழையையும் குறுக்கே சின்னத் தையலால் கட்டினேன். இஸ்திரி வைத்து ஒட்டும் கேன்வாஸ் பக்கமே போகவில்லை. பசை இறுகினால் அதன் விளிம்பில் அடுத்த முறிவு வரும்.

கோர்வை பிரிந்த ஆறு அங்குலத்துக்கு மட்டும் பச்சையும் அரக்குமாக இரண்டு இழை சேர்த்து, நெசவில் இருந்த அதே கோபுர வடிவப் பல் வரிசையைப் பின்தொடர்ந்து தைத்தேன். அந்த நேரத்தில் நெய்தவர்களைப் பற்றி நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோர்வைத் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும், ஒவ்வொரு வரிக்கும். எனக்கு ஆறு அங்குலத்துக்கே கழுத்து பிடித்துக்கொண்டது.

ஃபால்ஸ் மாற்றியது சுலபம். புதுப் பருத்தி ஃபால்ஸை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, கையாலேயே தைத்தேன்.

அப்புறம் ஜாக்கெட். இதுதான் அதிகம் யோசிக்க வைத்தது. அக்கா மகள் போனில் சேர்த்து வைத்திருந்த படங்கள் எல்லாம் முழங்கை வரை கை, கையெல்லாம் குந்தன் கல், தோள்பட்டை மொத்தமும் கட் பீட்ஸ் மணி, ஜர்தோசி ஜரிகை வேலை. அழகுதான், நானே பத்துப் பேருக்காவது செய்து கொடுத்திருப்பேன். பச்சை ராசில்க் எடுத்து, ஒரு சாண் அளவுக்கு மாதிரி போட்டேன். அன்று ராத்திரி ஒரு யோசனை தோன்றியது. புடவையின் உள்முனையிலிருந்து கைக்குட்டை அளவு துண்டு வெட்டி வைத்திருந்தேன். அதை அந்த மாதிரியின்மேல் போட்டு, முந்தி தோளில் உரசுகிற மாதிரி ஐம்பது தடவை இழுத்தேன். எடுத்துப் பார்த்தால் ஏழு இடத்தில் இழை உருவியிருந்தது. குந்தன் கல்லின் விளிம்பும், கட் பீட்ஸின் முனையும் பட்டைக் கொக்கி போட்டு இழுக்கின்றன. புதுப்பட்டு இதைத் தாங்கிக்கொள்ளும். முப்பது வருடப் பட்டு தாங்காது.

மறுநாள் வீடியோ கால் போட்டு, அந்தத் துண்டையே காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ கை மட்டும் கிராண்டா வச்சுக்கலாமா சித்தி?" என்றாள். வைத்துக்கொள்ளலாம், ஆனால் எந்த இடம் என்று பார்த்து வைக்க வேண்டும்.

அளவு ஜாக்கெட்டைப் போடச் சொல்லி, புடவையைக் கட்டிவிட்டு, பட்டு உடம்பில் எங்கெல்லாம் படுகிறது என்று சாக்பீஸால் ஜாக்கெட்டில் கோடு போட்டேன். இடது தோள், இடது மார்பு, முதுகில் இடது பாதி, இடது கையின் மேல்பகுதி. இந்த எல்லைக்குள் கல்லும் இல்லை, மணியும் இல்லை. பட்டு நூலில் செயின் தையல், தட்டையான ஜரி நூல், அவ்வளவே. கோட்டுக்கு வெளியே, வலது கை முழுக்கவும் இடது கையின் கடைசி மூன்று அங்குலமும், கழுத்தின் பின்பக்கம் வலது ஓரமும்தான் கனமான வேலை. பின் கழுத்து பானை வடிவம். ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் இலேசு என்றால் கோணலாகத் தெரியாதா என்று அக்கா கவலைப்பட்டாள். டிசைன் ஒன்றேதான், இரண்டு பக்கமும் அதே மாங்காய்க் கொடி. பொருள் மட்டும்தான் மாறுகிறது. புடவை மேலே விழுந்ததும் வித்தியாசமே தெரியவில்லை.

இன்னொன்று, மேல்கையில் போடும் நகையான வங்கி. முழங்கை வரை கை வைத்துத் தைப்பவர்கள் பலர் வங்கி போடுவதை மறந்துவிடுகிறார்கள். கல்யாணத்தன்று மணி வேலையின்மேல் வங்கியை ஏற்றினால் மணியும் நசுங்கும், வங்கியும் நழுவும். மேல்கையில் ஒன்றேகால் அங்குலப் பட்டையை வெறுமனே விட்டேன். அதற்கு மேலும் கீழும் ஒரு வரி சுகர் பீட்ஸ். வங்கி அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ராசில்க்கை ஃப்ரேமில் ஏற்றும் முன் வெட்டவில்லை. கோடு மட்டும் போட்டு, சுற்றிலும் ஓரங்குலம் கூடுதலாக விட்டேன், வேலை ஏற ஏறத் துணி உள்வாங்கும். டிரேசிங் பேப்பரில் ஊசியால் குத்தி, மண்ணெண்ணெயில் ஜிங்க் ஆக்ஸைடு பொடியைக் குழைத்துத் தேய்த்தால் டிசைன் இறங்கிவிடும். குழம்பாக இருக்கக்கூடாது, துணியில் தொட்டால் சொட்டாத பதம் வேண்டும். என்னோடு வேலை செய்யும் பெண்ணும் நானுமாக 11 நாள் உட்கார்ந்தோம்.

அக்காவின் பழைய ஜாக்கெட்டும் இருந்தது. அது புடவையோடு வந்த துணி. அக்குள் இரண்டும் வேர்வையில் இற்றுப்போயிருந்தது. கைப் பார்டர் மட்டும் நன்றாக இருந்தது. ஆனால் அக்காவின் கைச்சுற்று ஒன்பதரை, மகளுக்குப் பதினொன்று. அந்தப் பார்டரைப் பிரித்து, புதுக் கையின் விளிம்பில் வைத்து, குறைந்த ஒன்றரை அங்குலத்தைக் கைத்தையல் ஓடும் உள்பக்கத்தில் ராசில்க்கால் ஒட்டுப் போட்டேன். கையைத் தூக்கினால்தான் தெரியும்.

தோள் பின் என்னை ரொம்ப உறுத்திய விஷயம். கனத்த ஜரிகை முந்தி முழுக்க ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. துருப்பிடித்த மூன்று ஓட்டையும் அப்படி வந்ததுதான். பின்னே இல்லாமல் கட்ட ஒரு வழி செய்தேன். ஜாக்கெட்டின் இடது தோள் தையலில், முக்கால் அங்குல அகலத்தில் ஒரு பட்டை. உள்பக்கம் வெல்வெட், முனையில் இரண்டு டிச் பட்டன். முந்தி மடிப்புகளில் மேல் மடிப்பை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை இந்தப் பட்டை அணைத்துப் பிடிக்கும். மேல் மடிப்பு பட்டையை மறைத்தபடி விழும். அது நகராமல் இருக்க இரண்டே இரண்டு நூல் தையல். வீட்டில் ஒரு மணி நேரம் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தாள், குனிந்து பார்த்தாள். நழுவவில்லை. உள்பாவாடையும் சாட்டின் வேண்டாம், பருத்தி போதும் என்றேன். சாட்டினில் பட்டு வழுக்கும், வழுக்கினால் பின் குத்தத் தோன்றும்.

இப்போது எல்லாரும் புடவையை முன்கூட்டியே மடிப்பு வைத்து, இஸ்திரி போட்டு, பெட்டி மாதிரி மடித்து வாங்கிக்கொள்கிறார்கள். காலையில் கட்ட ஐந்து நிமிடம்தான், வசதியான விஷயம். ஆனால் சூட்டோடு அழுத்திய மடிப்பில் இந்தப் புடவை ஒடியும். மேக்கப் செய்ய வரும் பெண்ணிடம் பேசி, முதல் நாள் ராத்திரி மடிப்புகளை கிளிப் போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டோம். இஸ்திரி இல்லை. ஆவி மட்டும், ஒரு கை தூரத்திலிருந்து. வாடகைக்கு எடுத்த ஒட்டியாணத்தைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கம்பி முனைகள். ஃபிளானல் துணி வெட்டி உள்ளே வைத்துத் தைத்தேன். இதற்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. புதுப்புடவைக்கும் இதைச் செய்யலாம்.

முகூர்த்தத்தன்று நான் மேடைக்குப் பக்கத்திலேயே ஊசி நூலோடு நின்றேன். மணையில் உட்காரும் முன் முழங்கால் பக்கம் புடவையை ஒரு பிடி தூக்கிவிட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தேன், மறக்காமல் செய்தாள். மாலையைத் தண்ணீர் சொட்டச் சொட்டக் கொண்டுவந்தார்கள். வாங்கி, துண்டால் ஒற்றிவிட்டுத்தான் போட விட்டேன். அக்கா எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கூறை மாற்ற உள்ளே வந்தபோது புடவையை அவளேதான் அவிழ்த்து, தரையில் படாமல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள்.

இரண்டு நாள் நிழலில் காற்றாட விட்டபிறகு மறுபடி வெள்ளை வேட்டியில் விரித்தோம். தைத்த 14 இடமும் அப்படியே இருந்தன. வலது முழங்கால் வரும் இடத்தில் புதிதாக ஒன்று, இரண்டு சென்டிமீட்டர். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அதையும் டார்னிங் செய்தேன். பாச்சை உருண்டை போடாமல், பழைய மல் வேட்டியில் சுற்றி, மடிப்புகளுக்குள் துணிச் சுருள் வைத்து, எல்லாப் புடவைக்கும் மேலே வைத்திருக்கிறோம். மடிப்பை மாற்றிப்போட ஆடி 18 என்று அக்கா காலண்டரில் குறித்திருக்கிறாள்.